மூணாம் ஜன்னல் அக்காவின் ஒன்பது கோழிகள்

எங்கள் பதிவு அலுவலகத்தில் ஐந்து ஜன்னல்கள். ஒன்றில் பிறப்பு, இரண்டில் இறப்பு, மூன்றில் பெயர் திருத்தம், நான்கில் நகல். ஐந்தாவது ஜன்னல் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே மூடித்தான் கிடக்கிறது. உள்ளே இறக்கை ஒடிந்த மின்விசிறி ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான்காவது என்னுடையது. எனக்கு இடதுபக்கம் உட்கார்ந்திருந்தவரை ஊழியர்கள் முதல் வாசலில் படிவம் எழுதித் தருபவர் வரை எல்லோருமே மூணாம் ஜன்னல் அக்கா என்றுதான் சொல்வோம்.

பத்தொன்பது வருஷம் அவர் அந்த ஒரே ஜன்னலில் இருந்தார். ஒற்று விட்டுப்போனவர்கள், துணைக்கால் வாங்காதவர்கள், சின்ன லகரம் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய ளகரம் விழுந்தவர்கள், தகப்பன் பெயரில் தாத்தா பெயர் ஏறிப்போனவர்கள், எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் பிய்த்துச் சொல்வார்கள். அக்கா தலையைத் தூக்காமல் கேட்டுக்கொள்வார். பிறகு, கொண்டுவர வேண்டிய காகிதங்களின் பட்டியலைச் சொல்வார். அதிலும் ஒன்று குறையும். வந்தவர் கத்துவார். அக்கா, "அடுத்தவங்க வாங்க" என்பார்.

"சாயங்காலம் ஆச்சுன்னா எவன் பேரைக் கேட்டாலும் காது கூசுதுடி" என்று ஒருநாள் பையை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். "வீட்டுக்குப் போற வழியில கடைப் பலகையைக்கூடப் படிக்கிறதில்லை. எழுத்துப்பிழை கண்ணுல பட்டுடும்னு பயம்."

அப்படிப்பட்டவர் கோழி வளர்க்க ஆரம்பித்தபோது நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. படிவம் கேட்காத, கையெழுத்துப் போடாத உயிர் எதையாவது கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். பத்துக் குஞ்சுகள் வாங்கினார். முதல் வாரத்திலேயே ஒன்று போய்விட்டது. மீதி ஒன்பதும் வளர்ந்து, ஒன்பதும் பெட்டையாக நின்றன. நான்கு பழுப்பு, மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு.

அவருடைய வீட்டில் அப்போது மூன்று பேர். அக்கா, அவர் வீட்டுக்காரர், வீட்டுக்காரரின் தங்கை. ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். நாள் முழுக்கச் சத்தத்தில் இருந்துவிட்டு வருபவர் என்பதாலோ என்னவோ, வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் அது பெரிய நாள். நாத்தனார் கதை வேறு. புகுந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, ஒரு மத்தியானம் இரண்டு பெட்டியும் ஒரு தையல் மிஷினுமாக வந்து இறங்கினாள். என்ன நடந்தது என்று அவளாகச் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. பின்கட்டு அறையைக் காலிசெய்து கொடுத்தார். அவள் அங்கே உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் பதில் சொல்லிக்கொண்டு இருந்தாள். அந்த அறையின் ஜன்னல் கொல்லையைப் பார்த்தது. கொல்லையில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, ஒரு மூலையில் கோழிக்கூடு. கூட்டின் கதவு, உளுத்துப்போன குளியலறைக் கதவை அறுத்துச் செய்தது.

கூடு கட்டி முடித்த அன்றே அக்கா சாப்பாட்டு மேசையில் சட்டம் போட்டுவிட்டார்.

"இதுங்களுக்கு யாரும் பேர் வைக்கக் கூடாது. சொல்லிட்டேன். முட்டை போடுற வரைக்கும் முட்டை, நிறுத்திட்டா சட்டி. பேர் வச்சா அப்புறம் கத்தியை எடுக்கக் கை வராது."

வீட்டுக்காரர் தலையாட்டினார். நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டு, "சரி அண்ணி" என்றாள்.

ஒன்றரை வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நாளைக்கு ஆறு ஏழு முட்டை. எங்கள் அலுவலகத்துக்கும் தினம் டப்பாவில் அவித்து வரும். அக்கா சற்றுப் பெருமையாகத்தான் இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வாய் தவறிவிட்டார். அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். இவர் கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மேனேஜர் இன்னும் உள்ள போகலை போலிருக்கே" என்றாராம்.

"எந்த மேனேஜர்?"

ஓட்டுநர்கள் பிரேக் போடுவதுபோல நின்றுவிட்டார்.

"என்னங்க, எந்த மேனேஜர்னு கேட்டேன்."

"அதோ... முன்னாடி நடக்குமே. வேலை எதுவும் செய்யாம எல்லாத்தையும் மேற்பார்வை பார்த்துக்கிட்டு."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்பதுக்கும் பெயர் இருந்தது. எல்லாம் நாத்தனார் வைத்தவை. தரையை டக்கு டக்கென்று விடாமல் கொத்துவது டைப்பிஸ்ட். எப்போது பார்த்தாலும் குறை சொல்வதுபோலக் கொக்கரிப்பது புகார்ப்பெட்டி. சத்தம் போடாமல் ஓரமாகவே ஒதுங்கி நிற்பது அமுக்குணி. மேனேஜரோடு சேர்த்துப் பழுப்புகள் நான்கும் இவைதான். வெள்ளையில் ஒன்று, கண்ணைச் சுற்றி வளையம் போட்டதால் சோடாபுட்டி. கறுப்பில் ஒன்று, எந்நேரமும் அடைக்கு உட்காரத் துடித்ததால் அடைக்காரி. இப்படியே எல்லாவற்றுக்கும். மிஷினை மிதித்துக்கொண்டே ஜன்னல் வழியாக ஒன்றரை வருஷம் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள். அண்ணனும் தங்கையும் அக்கா அலுவலகம் போனபிறகு அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாள் அக்கா என்னிடம் வந்து கொட்டினார். "என் வீட்டுலயே எனக்குத் தெரியாம ஒரு பதிவேடு ஓடுதுடி! அதுவும் எப்படி? அவ என்கிட்ட நாலு வார்த்தை பேசமாட்டா. கோழிகிட்ட மணிக்கணக்காப் பேசுறா. அவர் இருக்காரே, என் பிறந்த நாளை மறந்துடுவார், எந்தக் கோழிக்கு எந்தப் பேருன்னு தலைகீழா ஒப்பிக்கிறார்."

"நல்லாத்தானேக்கா இருக்கு பேரெல்லாம்" என்று சொல்லிவிட்டேன். என் போதாத காலம்.

"உனக்கென்ன, நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு முட்டை நின்னா யார் பிடிச்சுட்டுப் போறது? அவரா? அவர் எறும்பு போனாலே பஸ்ஸை ஒதுக்குவார். அவளா? நான்தான் போகணும். பேர் வைக்கிறவங்க நல்லவங்க, கொண்டுபோறவ ராட்சசி."

அன்றுமுதல் அவர் வீட்டில் அந்தப் பெயர்கள் காதில் விழுந்தால் போதும், காதைப் பொத்தாத குறையாக எழுந்து போய்விடுவார். அக்கா மட்டும் விடாமல் "அந்தப் பழுப்பு", "இந்த வெள்ளை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் முட்டை குறைந்தது. ஆறு நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று. அந்தச் சமயம் பார்த்துக் கோழிகள் இறகு வேறு உதிர்த்தன. கொல்லை முழுக்கப் பஞ்சு. கழுத்து வெளுத்து, வால் மொட்டையாகி, பழுப்பு நான்கும் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆகிவிட்டன. அக்கா பத்து நாள் கவனித்தார். கவனித்தார் என்றால், காலையில் அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். முட்டையிட்டதும் கோழி கொக்கரிக்கும் என்று அவருக்குத் தெரியும். பழுப்பில் ஒன்று தினமும் கூட்டிலிருந்து வெளியே வந்து ஊரைக் கூட்டுவது கேட்டது. சரி, அது இடுகிறது. இன்னொன்று மூச்சே விடாமல் கிடந்தது. சரி, அது நிறுத்திவிட்டது. அப்படித்தான் முடிவு செய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஸ்கூட்டரோடு வரச்சொல்லியிருந்தார். "ரெண்டு கோழி கடைக்குப் போகணும். நீ மத்தியானம் சாப்பாட்டுக்கும் இருந்துடு" என்றார். நான் போனபோது வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போயிருந்தார். அக்கா கொல்லையில் அட்டைப்பெட்டியில் கத்திரிக்கோலால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் ஜன்னலில் நின்றாள்.

"அண்ணி."

"என்ன?"

"அமுக்குணியை எடுத்துடாதீங்க அண்ணி. அதுதான் இப்ப போடுது."

"எனக்கு அமுக்குணியும் தெரியாது, கிமுக்குணியும் தெரியாது. எத்தனை தடவை சொல்றது உனக்கு? இந்த வீட்டுல பேர் கிடையாது."

"இல்லண்ணி, நான் சொல்றது என்னன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். உனக்கு மனசு கஷ்டமா இருந்தா ஜன்னலைச் சாத்திக்க."

நாத்தனார் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சட்டென்று தையல் மிஷின் சத்தம் கேட்டது. அக்கா சத்தம் போடாத பழுப்பையும், அதன் பக்கத்தில் அகப்பட்ட இன்னொரு பழுப்பையும் பிடித்துப் பெட்டிக்குள் போட்டார்.

கோழிக்கடை சந்தைக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரரைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டார். எனக்கும் அவரை அடையாளம் தெரிந்தது. மகளுடைய பிறப்புச் சான்றிதழில் சின்ன லகரத்துக்குப் பதில் பெரிய ளகரம் விழுந்துவிட்டதென்று மூன்று முறை எங்களிடம் வந்தவர். மூன்று முறையும் அக்கா, பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூடி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அவர் அதைச் சொன்னார். "அப்ப அதை மூடிட்டாங்கன்னு கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார் அக்கா. மகளுக்குப் பரீட்சைக்குப் பெயர் பதியவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க மேடம்" என்றார் கடைக்காரர், கத்தியைத் தேய்த்துக்கொண்டே. "என்ன, ரெண்டா? உங்க கோழிதானே? ஆதாரம் ஏதாவது கொண்டாந்திருக்கீங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா முகம் சிவந்துவிட்டது.

"விளையாடாதீங்க. எனக்கு நேரமில்லை."

கடைக்காரர் பெட்டியிலிருந்து முதல் கோழியை எடுத்தார். தலையைத் திருப்பிப் பார்த்தார். "மேடம், கொண்டை நல்லா செவந்திருக்கே. இது முட்டையிடுற கோழி மாதிரி தெரியுது. சரியாப் பார்த்துத்தான் கொண்டாந்தீங்களா?"

"எல்லாம் பார்த்துட்டேன். வெட்டுங்க."

"இல்ல, ஒரு தடவை..."

"என் வீட்டுக் கோழியைப் பத்தி எனக்குத் தெரியாதா? வெட்டுங்கன்னா."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனார். இறகு பிடுங்கி, சுத்தம் செய்ய ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு, "மேடம், கொஞ்சம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். குரலில் இப்போது கேலி இல்லை. அக்கா போனார்; பின்னாலேயே நானும்.

பலகைமேல் கோழியின் வயிறு திறந்திருந்தது. ஓடு கட்டிய முழு முட்டை ஒன்று வெளியே வரத் தயாராக இருந்தது. அதன் பின்னால் மஞ்சள் கருக்கள், எலுமிச்சை அளவில் ஒன்று, கோலிக்குண்டு அளவில் இரண்டு, பட்டாணி அளவில், கடுகு அளவில் என்று கொத்தாகத் தொங்கின. நாளைக்கு, மறுநாளைக்கு, அடுத்த வாரத்துக்கு என்று வரிசையாக எடுத்து வைத்ததுபோல.

"சொன்னேனே மேடம்" என்றார் கடைக்காரர் மெதுவாக. "நல்லா போட்டுக்கிட்டு இருந்த கோழி."

அக்கா பலகையைப் பார்த்தார். கையில் பிடித்திருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முடிந்தார். கடைக்காரர் பெட்டியைக் காட்டி, "அடுத்தது?" என்றார்.

"அது வேணாம்."

மொட்டை வாலோடு அந்த இரண்டாவது பழுப்பு என் ஸ்கூட்டரில் திரும்பி வந்தது. வழியெல்லாம் பெட்டியை உள்ளிருந்து டக்கு டக்கென்று கொத்திக்கொண்டே வந்தது. அது டைப்பிஸ்ட் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் கறிப் பை.

நாத்தனார் கொல்லையில் நின்று எங்களுக்காகக் காத்திருந்தாள். பெட்டியைத் திறந்துவிட்டதும் டைப்பிஸ்ட் ஓடிப்போய்க் கூட்டத்தில் சேர்ந்தது. அவள் ஒருமுறை கண்ணை ஓட்டினாள். அவ்வளவுதான்.

"அமுக்குணி போயிடுச்சு" என்றாள்.

அக்கா பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சத்தமே போடலையே அது. கொக்கரிச்சதெல்லாம் இன்னொண்ணுதானே?" என்றார்.

"புகார்ப்பெட்டி முட்டை போட்டு ரெண்டு மாசம் ஆச்சு அண்ணி. அமுக்குணி சத்தம் போடாம இட்டுட்டு இறங்கும். உடனே புகார்ப்பெட்டி போய் ஏறி உட்கார்ந்துட்டு வந்து கத்தும். தினம் இதேதான். நான் சொன்னேனே."

"எங்க சொன்னே? நீ பேரைச் சொன்னே. எந்தக் கோழின்னா சொன்னே?"

"பேர்தானே அண்ணி எந்தக் கோழின்னு சொல்றது?"

"வெளிய வந்து காட்டியிருக்கலாமில்ல? கை காட்டி, இதுன்னு?"

"நீங்கதான் ஜன்னலைச் சாத்திக்கச் சொன்னீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அக்காவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "ஆமா, நான்தான் சொன்னேன். எல்லாம் நான்தான். கூட்டைக் கழுவுறது நான், தீனி தூக்கிட்டு வர்றது நான், பிடிச்சுட்டுப் போறது நான். நீங்க ரெண்டு பேரும் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்த்துப் பேர் வைப்பீங்க. ஒருநாள், ஒரே ஒருநாள், உங்க அண்ணனோ நீயோ ஒரு கோழியைக் கையில பிடிச்சிருக்கீங்களா?"

"நான் தினம் பிடிக்கிறேன் அண்ணி" என்றாள் அவள். அதற்குமேல் நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

அக்கா சமைத்தார். நான் உதவிக்குப் போனேன், விரட்டிவிட்டார். பாத்திரங்கள் பட்ட பாட்டைக் கேட்டபோது நான் ஏன் கிளம்பாமல் இருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. ஒரு மணிக்கு வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு வந்தார். கறியின் வாசனை வாசலிலேயே அடித்திருக்க வேண்டும். உள்ளே வந்தவர் தங்கையின் சாத்திய கதவைப் பார்த்தார், மேசையில் கிண்ணத்தைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கு ஒரு முட்டை பொரிச்சுக் குடேன், போதும்" என்றார்.

அக்கா கரண்டியை மேசைமேல் வைத்தார். "முட்டை போட்டவளை வெட்டிட்டு வந்து நிக்கிறேன். என்கிட்ட முட்டையா கேக்குறீங்க?"

அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதையோ முணுமுணுத்துவிட்டு, வெறும் சோற்றில் தயிரை ஊற்றிக்கொண்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ? நீயாவது சாப்பிடுவியா?"

நான் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் மெல்ல முடியவில்லை. அக்கா தன் தட்டில் நாலு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், எலும்பைக்கூட விடாமல், வேகமாகச் சாப்பிட்டார். பசித்துச் சாப்பிடுகிற வேகமில்லை அது. படிவங்களைக் கட்டுக்கட்டாக முடித்துத் தள்ளுவாரே, அந்த வேகம். முடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அலுவலகம் வந்ததும் ஜன்னலைத் திறக்காமல் நேராகக் கீழ்த்தளத்துப் பதிவேட்டு அறைக்குப் போனார். பழைய பதிவேடுகளை மேலதிகாரியின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. அக்காவே எத்தனையோ பேரிடம் சொல்லித் திருப்பி அனுப்பிய விதி அது. அன்றைக்கு அனுமதி கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அரைமணி கழித்துத் தூசியும் தும்மலுமாக மேலே வந்தார். கோழிக்கடைக்காரர் மகள் பிறந்தபோது தந்த அசல் படிவம் கையில் இருந்தது. பெரிய ளகரம் எங்கள் அலுவலகத் தப்பு இல்லை. ஆஸ்பத்திரித் தப்பும் இல்லை. படிவத்தை நிரப்பிய தகப்பனே அப்படித்தான் எழுதியிருந்தார். தகப்பன் எழுதியதில் பிழை என்றால் ஆஸ்பத்திரிக் கடிதமே வேண்டாம். தகப்பன் ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"இது என் எழுத்துதான்" என்றார் கடைசியில். "அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தூங்காம வந்து எழுதினது. மொதல் குழந்தை."

"இங்க கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே மேல அனுப்பிடுறேன்."

அவர் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டார். "மேடம், மூணு தடவை வந்தேன். அரை நாள் கடையை மூடிட்டு வந்தேன். மூணு தடவையும் இதைத் திறந்து பார்க்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

அக்கா படிவத்தைக் கோப்பில் செருகினார். "அடுத்தவங்க வாங்க" என்று சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவர்தான் பொறுமையிழந்து முன்னால் வந்தார். அந்தத் திருத்தமும் ஒன்றும் உடனே நடந்துவிடவில்லை. மேலதிகாரி விடுப்பில் போனார், வந்தபிறகு கோப்பு எங்கேயோ சிக்கிக்கொண்டது, அக்கா மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி யார் யாரிடமோ சண்டை போட்டார். பரீட்சைக்குப் பெயர் பதிய இரண்டு நாள் இருக்கும்போது காகிதம் வந்தது. கடைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். நன்றி சொன்ன மாதிரி எனக்கு ஞாபகமில்லை.

வீட்டில் நாத்தனார் பதினோரு நாள் அக்காவிடம் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அக்கா ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனார். கோழிக் காலில் மாட்டும் பிளாஸ்டிக் வளையங்கள், ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டவை. "இனிமே எது எதுன்னு குழப்பம் வரக் கூடாது. பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நம்பர்" என்றார். நாத்தனார் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுத்தாள். அக்கா மாட்டினார். ஒரு நோட்டுப்புத்தகமும் போட்டார், எந்த எண் என்றைக்கு முட்டையிட்டது என்று குறிக்க.

மூன்று வாரம் தாங்கியிருக்கும். ஒருநாள் காலை அக்கா பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது கொல்லையில் நாத்தனார் குரல் கேட்டது. "அஞ்சு, வாம்மா. வாடி கண்ணு. ஆறைப் பாரு, எவ்வளவு சமர்த்தா சாப்பிடுது." சாயங்காலம் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல், "நாலுக்கு இப்ப எப்படி இருக்கு? நொண்டுதா இன்னும்?" என்று விசாரித்தார்.

"நம்பரையும் பேராக்கிட்டாங்கடி!" என்று அக்கா என் மேசையில் கையால் அடித்தார். "நான் என்னதான் செய்யறது? நாளைக்கு வெறும் கோடு போட்டு விட்டா, கோட்டையும் கொஞ்சுவாங்க."

ஆனால் அதே வாரம் வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரே டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மூணு, ரெண்டு நாளா சரியாவே சாப்பிடலை, பாவம்" என்றார். இரண்டாம் ஜன்னல்காரர் பதறிப்போய், "ஏங்க, உடம்புக்கு என்ன?" என்று மூணாம் ஜன்னல் அக்காவையே கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அக்காவுக்குக் கோபம் வந்து டப்பாவை மூடிவிட்டார்.

அடுத்த வருஷம் முட்டை அறவே நின்றது. எட்டும் தின்றுவிட்டு வெயிலில் படுத்துக் கிடந்தன. அக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிந்தது. முட்டையைக் கடையில் வாங்கிக்கொண்டு கோழிக்குத் தீனி போடுகிற வீடு இந்த உலகத்தில் என் வீடாகத்தான் இருக்கும் என்பார். கடைக்குக் கொண்டுபோகலாம் என்று இரண்டு தடவை பெட்டியை எடுத்து வைத்தார். இரண்டு தடவையும் அதில் பழைய துணிகளைப் போட்டு மூடிவிட்டார். கடைசியில் எங்கள் அலுவலகக் காவலாளி, ஊருக்கு வெளியே தன் அண்ணனுக்குத் தோட்டம் இருப்பதாகவும், எட்டையும் அங்கே விட்டுவிடலாம் என்றும் சொன்னார். அக்காவுக்கு அவ்வளவு நிம்மதி. சனிக்கிழமை காலை வரச்சொன்னார். எனக்கும் சொன்னார். "வந்து பாரு, சனிக்கிழமையோட இந்தச் சனியன் ஒழிஞ்சுது."

காவலாளி ஒரு சாக்கும் கயிறும் கொண்டுவந்திருந்தார். அக்கா அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், "இது ஒண்ணு. முன்னாடி நடந்தாத்தான் திருப்தி, கடைசியா விட்டீங்கன்னா சண்டை போடும். இது நாலு, இடது கால் கொஞ்சம் பலவீனம், உயரத்துல ஏத்தாதீங்க. இந்த ரெண்டையும் பிரிக்கக் கூடாது, பிரிச்சா தின்னாது. இதுக்குக் கண் ஓரமா தண்ணி வடியும், வடிஞ்சா உப்புத் தண்ணியில துடைக்கணும்..." என்று ஆரம்பித்தார். எட்டுக்கும் சொல்லி முடிக்க அரைமணி ஆயிற்று. காவலாளி எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். பிறகு குனிந்து நாலாம் எண்ணைப் பிடித்து, இரண்டு காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, தலைகீழாகத் தூக்கினார்.

"ஐயோ, என்ன பண்றீங்க? கால்ல பலம் இல்லைன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"கோழின்னா இப்படித்தானேம்மா தூக்குவாங்க?"

"உங்க வீட்டுல தூக்கிக்கங்க. விடுங்க முதல்ல. அவிழுங்க. அவிழுங்கன்னா!"

அக்காவே பாய்ந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார். அந்தக் களேபரத்தில் கோழி அவர் முழங்கையைக் கீறிவிட்டது. காவலாளி சாக்கை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இவங்க கொடுக்க மாட்டாங்க. இதுக்கா என்னை வரச்சொன்னாங்க?" என்று முனகிக்கொண்டே போனார்.

ஜன்னலில் நின்றிருந்த நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் அடக்க முடியவில்லை. அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சிரி, நல்லா சிரி" என்றார் அக்கா, முழங்கையை ஊதிக்கொண்டே. "இதுங்க சாகுற வரைக்கும் தண்ணி ஊத்திக்கிட்டே கிடக்கணும்னு என் தலையெழுத்து. வந்து மருந்து போட்டு விடு. உன் அண்ணனுக்கு இதெல்லாம் எங்க இருக்குன்னே தெரியாது."

நாத்தனார் பஞ்சும் மருந்துமாக வெளியே வந்து தொட்டி விளிம்பில் அவரை உட்காரவைத்துத் துடைத்துவிட்டாள். எரிகிறது என்று அக்கா அவளைத் திட்டிக்கொண்டே இருந்தார். கோழிகள் எட்டும் காலடியில் வந்து நின்று, தீனி போட மறந்துவிட்டதை நினைவுபடுத்துவதுபோலக் கத்த ஆரம்பித்தன.